இடம் மாறிய பறவைப் பிரியம்

மியூச்சுவல் ஃபண்டு விற்கும் சபரிநாதனுக்கு, வாடிக்கையாளருக்கு எதில் ஆசையோ அந்த ஆசையை அலுவலகமே மூளையில் ஏற்றிவிடும். நீதிபதிக்காகச் சதுரங்கம் ஏறியது, நகைக்கடைக்காரருக்காக மலையேற்றம். ஒரு டாக்டருக்காக ஏறிய பறவைப் பிரியம்தான் அவனைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு இழுத்துப்போய், அங்கே பறவை பார்க்க வந்த மேகலையைக் காட்டி, கல்யாணத்தில் கொண்டுவிட்டது.

சென்ற மாதம் அந்த டாக்டரைச் சக ஊழியன் ரூபனுக்கு மாற்றினார்கள். பறவைப் பிரியமும் கூடவே ரூபனிடம் போய்விட்டது.

இப்போது ஞாயிறுதோறும் மேகலையும் ரூபனும் ஒரே பைனாகுலரை மாற்றி மாற்றிப் பார்க்க, சபரி தண்ணீர் பாட்டிலோடு பின்னால் நின்றான்.

"அங்க பாருங்க மேகலை, பூநாரை!" என்றான் ரூபன் ஒரு ஞாயிறு.

தான் சொல்ல வேண்டியதை அவன் சொல்கிறானே என்று சபரிக்கு வயிறு எரிந்தது.

"நீங்களும் வந்து பாருங்களேன்" என்று மேகலை கூப்பிட்டாள். பார்த்தான். கொக்கு மாதிரி ஏதோ நின்றது.

மறுநாள் காலை முதல் வேலையாக மேலாளரிடம் போனான்.

"மேடம், ரூபன்கிட்ட இருக்கற பறவையை எனக்கே திருப்பிக் குடுத்துடுங்க."

அவள் திரையைப் பார்த்தாள். "அவர்கிட்ட ஏது? டாக்டர் வேற கம்பெனிக்குப் போயிட்டாரே. பத்து நாள் முன்னாடியே ரூபன் மண்டையிலேர்ந்து எடுத்துட்டோம். சும்மாதான் கிடக்கு, உங்களுக்கு ஏத்திடட்டுமா?"

சபரிக்கு முகம் சிவந்தது. நேற்றுத்தான் ரூபன் சதுப்பு நிலத்தில் மேகலை பக்கத்தில் மூன்று மணி நேரம் நின்றிருந்தான்.

"வேண்டாம் மேடம்" என்றான். "இனிமே ஞாயித்துக்கிழமை பறவையைப் பார்க்க எனக்கு நேரமிருக்காது."