வலையைக் கண்டால் அடி

எங்கள் காட்டுக் குட்டிகளின் கால்பந்து அணிக்குக் கடா மாஸ்டர்தான் கோச். இளவயதில் அவர் முன்வரிசையில் ஆடிக் கோல் போட்டவர். அதனால் எந்த இடத்தில் ஆடுகிற குட்டிக்கும் அவரிடம் ஒரே பயிற்சிதான்: ஓடி வா, வலையைக் கண்டால் அடி.

கோல்கீப்பரான உடும்புக் குட்டியும் அதே வரிசையில் நின்று அதையே செய்தது. ஒருநாள் பொறுக்காமல் கேட்டுவிட்டது.

"மாஸ்டர், பந்தைப் பிடிக்க எனக்கு எப்போ சொல்லித் தருவீங்க?"

"சும்மா நிக்கிற வேலைக்குத் தனியா ஒரு பயிற்சியாடா? வேலிக்கு அந்தப் பக்கம் உங்கம்மா நிக்கிறாங்க பாரு. நீ கோல் அடிச்சாத்தான் கை தட்டுவாங்க. ஓடு!"

உடும்பு ஓடி வந்து அடித்தது. அம்மாவும் கை தட்டினாள்.

இறுதி ஆட்டத்தில் கடைசி நிமிடம்வரை யாரும் கோல் போடவில்லை. அப்போது எதிரணி நரிக்குட்டி உதைத்த பந்து உடும்பின் வயிற்றில் மோதிக் காலடியில் விழுந்தது. அள்ளிக்கொண்டிருந்தால் தப்பித்திருக்கலாம். உடும்பு பதறிப்போய்த் திரும்பியது. அதுவரை முதுகுக்குப் பின்னால் இருந்த வலை கண்ணெதிரே தெரிந்தது. பழகிய கால் ஓங்கி ஒரு அடி அடித்தது.

பழக்கதோஷத்தில் அம்மா கை தட்டிவிட்டாள். மற்ற பெற்றோர்கள் கொதித்துப்போய் மாஸ்டரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

மாஸ்டர் தாடியைத் தடவிக்கொண்டார். "அடியில ஒரு குறை சொல்லுங்க பார்ப்போம்! வலையைத்தான் தப்பான பக்கம் கட்டி வெச்சிருக்காங்க."