மைக் நின்ற இடம்

மைக் மறுபடியும் நின்றுபோனது.

"கடையில மூட்டை மூட்டையா அரிசி அடுக்குனியே நைனா... ஒரு வாய்ச் சோத்துக்கு ஏங்கிக் கெடந்தியே நைனா... உனக்குச் சோறு போட வந்தவளே..."

பிருந்தாவின் ஒப்பாரி அந்த இடத்தில் அறுந்தது. அதற்குமேல் அவள் பாடியது பக்கத்திலிருந்த நாலு பெண்களுக்குத்தான் கேட்டது.

செஞ்சி கடைத்தெருவில் அரிசிக் கடை வைத்திருந்த விநாயகம், ஐஸ் பெட்டிக்குள் எலும்பும் தோலுமாகக் கிடந்தார். மகள் பிருந்தா பனமலையிலிருந்து விடிந்ததும் வந்திருந்தாள். அண்ணியோடு சண்டை போட்டுக்கொண்டு ஆடி மாசம் போனவள், இன்றைக்குத்தான் இந்த வாசலை மிதிக்கிறாள்.

அந்த அண்ணி ஜெயசுதா, உள்ளறை வாசலில் வைத்திருந்த ஸ்பீக்கரை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை.

"பாத்தியா, அவ பேரு வர்ற நேரத்துல கரெக்டா நிக்குது" என்றாள் எதிர்வீட்டு மங்கை.

"நிக்குதா, நிறுத்தறாளா?" என்றாள் பக்கத்திலிருந்த சுமலதா.

ஊருக்குச் சாட்சியெல்லாம் வேண்டியதில்லை. ஒருத்தி உட்கார்ந்திருக்கும் இடமே போதும்.

ஒயரில்லாத மைக் செட்டை வாடகைக்குக் கொண்டுவந்திருந்த தமிழ்ச்செல்வனுக்கு வியர்த்துக் கொட்டியது. மைக்கைத் திறந்து புது பேட்டரி போட்டான். தட்டிப் பார்த்தான், கேட்டது. விநாயகத்தின் தங்கை ராஜாம்பாள் அதை வாங்கி ஒரு பாட்டம் அழுதாள். தெருமுனை வரைக்கும் கணீரென்று போனது.

மைக் பிருந்தா கைக்கு வந்தது.

"உனக்குச் சோறு போட வந்தவளே..."

நின்றுவிட்டது.

"இன்னாய்யா செட்டு இது?" என்று பந்தலிலிருந்து ஒரு குரல் வந்தது.

"சிக்னலை ஐஸ் பெட்டி மறைக்குது போலங்க" என்று மைக்கின் ரிசீவரைத் தூக்கி ஸ்பீக்கர் மேல் வைத்தான் தமிழ்ச்செல்வன். பக்கத்துத் தெருவில் காதுகுத்து. அங்கேயும் இதே மாதிரி செட் ஓடுவது ஞாபகம் வர, சேனலையும் மாற்றினான். ராஜாம்பாள் பேசிப் பார்த்தாள். நன்றாகக் கேட்டது.

பிருந்தா வாயைத் திறந்தாள். அதே இடத்தில் நின்றது.

அவள் மைக்கைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள்.

"செட்டு நல்லாத்தான் இருக்குது. என் வாயை அடைக்கத்தான் ஆளு இருக்குது. ஒப்பாரியில சொன்னா எதிர்ப்பேச்சு பேசக் கூடாதுன்னு அவளுக்குத் தெரியும். அதான் இந்த வேலை. எங்க நைனாவைப் பட்டினி போட்டே கொன்னுட்டு, அதை வெளிய சொல்லவும் வுட மாட்டேங்கிறா."

எல்லாத் தலையும் ஜெயசுதா பக்கம் திரும்பியது. அவள் குனிந்த தலை நிமிரவில்லை.

"இனிமே இன்னா மறைக்கிறது? தள்ளி உக்காரும்மா" என்றார் ஒரு பெரியவர்.

ஜெயசுதா எழுந்தாள். ஸ்பீக்கரின் பின்பக்கத்தைப் பார்க்க, தமிழ்ச்செல்வன் அவளுக்கு முன்னால் உள்ளறைக்குள் நுழைந்தான்.

ரிசீவரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் ஒயர் பிடுங்கப்பட்டிருந்தது. அதைக் கையில் பிடித்தபடி கதவு மறைவில் நின்றிருந்தான் விநாயகத்தின் மகன் எழிலன். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"அவ பாடறப்பெல்லாம் நான்தாம்பா புடுங்கினேன்" என்றான். "எத்தினி வாட்டி போன் பண்ணேன், ஒரு வாட்டியாவது எடுத்தாளா? இப்ப வந்து எம் பொண்டாட்டி மானத்தை வாங்கறா. இன்னொரு மைக் வெச்சிருக்கியே, அதைக் குடு. நடந்ததை நானே சொல்லிடறேன்."

தமிழ்ச்செல்வன் நீட்டிய மைக்கை, பின்னால் வந்த ஜெயசுதா வாங்கிக்கொண்டாள். அதன் சுவிட்சை அணைத்து இடுப்பில் செருகினாள். கணவன் கையிலிருந்த ஒயரையும் வாங்கி, இருந்த இடத்தில் குத்தினாள்.

"தம்பி, இனிமே நிக்காம பாத்துக்க" என்றாள்.

வெளியே பிருந்தா மறுபடி ஆரம்பித்தாள். இந்த முறை ஜெயசுதாவின் பெயரும், பெயரோடு சேர்ந்து வந்த சாபமும் கடைத்தெரு முழுக்கக் கேட்டன.

"இதைக் கேட்டுக்கினு சும்மா இருக்கச் சொல்றியா?" என்றான் எழிலன்.

ஜெயசுதாவின் கண்ணிலிருந்து அப்போதுதான் முதல் சொட்டு விழுந்தது.

"எம் பொண்ணு வந்தாதான் சாப்புடுவேன்னு தட்டைத் தள்ளிவுட்டது மாமாதான்னு அவளுக்குத் தெரிஞ்சா, ஆயுசுக்கும் ஒரு வாய்ச் சோறு எறங்குமா அவளுக்கு? நான் போடலைன்னே இருக்கட்டும்."