பிரைமர் காயும்வரை

"ஓரத்த நான் ஒட்டுறன், நீங்க கடதாசியப் புடிங்க" என்றபடி, டேப் சுருளைக் கையில் எடுத்துக்கொண்டு ரிஃப்கா பக்கத்தில் வந்து நின்றாள். ஓட்டோவின் முன் கண்ணாடிக்குப் பத்திரிகை ஒட்டிக்கொண்டிருந்த ஹாசிமுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. மனைவி தன்னிடம்தான் பேசுகிறாளா என்று ஒருமுறை திரும்பியும் பார்த்துக்கொண்டான்.

பிள்ளை மௌத்தானதிலிருந்து அவள் அவனோடு கதைத்ததில்லை. நேரத்துக்குச் சாப்பாடு மேசைக்கு வரும், உடுப்பு மடித்து அலுமாரிக்குள் போகும், வாய் மட்டும் திறக்காது. அவனும் கதைக்கப் போகவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி நெஞ்சு விறைத்துக் கிடந்தது. அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

அன்றைக்கு அவளுக்குப் பிரசவ வலி எடுத்தபோது ஓட்டோ வீட்டில் இல்லை. வெள்ளைக்காரர் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு ஹாசிம் கல்பிட்டிக்குப் போயிருந்தான். அவள் போன் பண்ணியதும், இவர்களை இறக்கிவிட்டு வருகிறேன் என்றான். இறங்கவேண்டியவர்கள் இன்னும் ஓர் இடம் பார்க்கவேண்டும் என்றார்கள், சரியென்று அதற்கும் போனான். கடைசியில் பக்கத்து வீட்டு வேனில் அவளைப் புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தபோது பிள்ளையின் உயிர் போயிருந்தது.

அதன் பிறகு அவள் அந்த ஓட்டோவில் காலே வைக்கவில்லை. முற்றத்தில் அது நிற்கும் பக்கம் திரும்புவதும் இல்லை. நிறத்தை மாற்றினால் வேறு வண்டி மாதிரி இருக்கும், அவளும் கொஞ்சம் மாறுவாள் என்பது ஹாசிமின் பெரிய மூளைக்கு எட்டிய வைத்தியம்.

கராஜில் விடாமல் வீட்டிலேயே வேலையைத் தொடங்கினான். கடலோரக் களப்புக் காற்றின் உப்பு தகரத்தை நன்றாகத் தின்று வைத்திருந்தது. உப்புப் போக நல்ல தண்ணீரால் கழுவி, துருவைச் சுரண்டி, பள்ளங்களுக்குப் பட்டி போட்டு, சேண்ட் பேப்பரால் தேய் தேயென்று தேய்த்தான். விரல் நுனியில் தோல் கழன்றது. அது நோவதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

இப்போது இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒட்டினார்கள். கண்ணாடி, விளக்கு, நம்பர் தகடு என்று பெயின்ட் படக்கூடாத இடங்களையெல்லாம் ரிஃப்கா மூடினாள். டேப்பின் ஓரத்தை நகத்தால் அழுத்தி அழுத்தி, காற்றுப் புகாமல் செய்தாள். அவள் கை தன் கையில் பட்டபோது ஹாசிம் கடதாசியை விடாமல் பிடித்துக்கொண்டான்.

என்ன நிறம் அடிக்கப் போகிறீர்கள் என்று கேட்டாள். நீலம் என்றான்.

"வாப்பா தரக்குள்ள பச்சைதானே. அந்தப் பச்சையவே அடிங்க."

உண்மைதான். கலியாணத்துக்கு மாமனார் மீரா முகைதீன் சீதனமாகத் தந்தபோது அது புத்தம்புதுப் பச்சை. பிறகு ஒரு பெருநாளைக்கு ஹாசிம்தான் ஆசைப்பட்டுக் கறுப்பு அடித்தான். கலியாணம் முடித்த புதிதில் அந்தப் பச்சை ஓட்டோவில் இரண்டு பேரும் சுற்றாத இடமில்லை. அந்த நாட்கள் அவளுக்கும் ஞாபகம் வந்துவிட்டன என்று நினைத்துக்கொண்டான். பச்சையே அடிக்கலாம் என்று உடனே தலையாட்டினான்.

பாட்டுப் பெட்டி, சீட் உறை, உள்ளே தொங்கிய கலர் பல்புகள் எல்லாவற்றையும் பெயின்ட் படும் என்று அவளே கழற்றச் சொன்னாள். கழற்றிக் கொடுத்தான். அவள் தூசி தட்டி ஒரு பைக்குள் போட்டாள்.

அடிப்பூச்சுக்குப் பிரைமர் அடிக்கத் தொடங்கியதும் களப்புப் பக்கமிருந்து காற்று கிளம்பியது. ஈரத்தில் மணல் ஒட்டிவிடும் என்று அவன் பதறுவதற்குள், ரிஃப்கா பழைய பெட்ஷீட் ஒன்றை எடுத்து வந்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். கை உளைந்தும் இறக்கவில்லை. முதல் பூச்சு காய்ந்து, இரண்டாவது பூச்சும் அடித்து முடிக்கும்வரை வெயிலிலேயே நின்றாள்.

கறுப்பு முழுவதும் மறைந்து, ஓட்டோ சாம்பல் நிறத்தில் பளிச்சென்று நின்றது. நாளைக்குப் பச்சை அடித்துக் காயவிட்டு, பிறகு பாட்டுப் பெட்டியைத் திரும்பப் பூட்டிவிடலாம் என்றான் ஹாசிம்.

"அது நீங்க வாங்கினதுதானே, உங்கட அலுமாரிக்குள்ள வைங்க" என்றாள்.

அவளுக்குப் பாட்டுச் சத்தம் இப்போது பிடிக்காதாக்கும் என்று அவன் அதையும் நல்லதாகவே எடுத்துக்கொண்டான். பாட்டில்லாவிட்டால் என்ன, பக்கத்தில் இருந்து அவள் கதைத்துக்கொண்டு வந்தால் போதாதா? விறைப்பு விட்டு, நெடுநாளைக்குப் பிறகு அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"பெயின்ட் காஞ்ச ஒடன மொத ஓட்டம் நீ சொல்ற இடத்துக்குத்தான். எங்க போவம்?"

ரிஃப்கா விரலில் ஒட்டியிருந்த டேப் துண்டை மெதுவாக உரித்தாள். புத்தளத்துக்கு, வாப்பா வீட்டுக்கு என்றாள். அவளுடைய அண்ணன், மூத்த நானா, வந்து ஓட்டிக்கொண்டு போவார், அவன் வரத் தேவையில்லை என்றும் சொன்னாள். ஹாசிமுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிரித்த முகம் சிரித்தபடியே இருந்தது.

"காதியார்ட்ட விவாகரத்து கேட்டு எழுதிக் குடுத்திட்டன்" என்றாள் அவள். "சீதனத்த வாங்கின மாதிரியே திருப்பித் தந்திருங்க."