கரைப்பக்கம் ஓடியவர்

"எல்லாரும் வந்திட்டாங்க, மிஸ். நௌபர் மட்டும் இல்ல."

குறிஞ்சாக்கேணிப் பள்ளிக்கூடத்தின் மேல்மாடியில் சனம் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. சுனாமி ஒத்திகை. சைரன் கேட்டதும் கரையை விட்டு எல்லோரும் இங்கே ஓடி வரவேண்டும்.

"எங்க போனவர்?" ஒத்திகையை நடத்தும் கலாநிதி ஸுல்பிகா கேட்டாள்.

"பாதி வழி வந்தவன், திரும்பிக் கரைப்பக்கம் ஓடிட்டான். நான் கண்டனான்," என்றார் முத்தலிப்.

"வலையைப் பாக்கப் போயிருப்பான்," என்றாள் அசனா. "பொண்டாட்டியை விட்டாலும் விடுவான், வலையை விடமாட்டான்."

கூட்டம் சிரித்தது. ஸுல்பிகா சிரிக்கவில்லை.

கொழும்பிலிருந்து வந்த மதிப்பீட்டாளர்கள் இருவரும் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குப் பேராசிரியர் பதவி கிடைப்பது அவர்கள் எழுதப்போவதில்தான் இருந்தது. ஒருவர் குறைந்தாலும் ஒத்திகை தோல்வி. அந்த விதியை எழுதியதும் அவளேதான்.

இருட்டோடு மகளையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்த பயணம். ஒரு மனிதனால் வீணாகப் போகிறது.

"றுவைஸ், எல்லாம் வீடியோவில வருதா?"

"ஓம், மிஸ்."

அவர்கள் வந்த வான் வண்டியோடு கரையில் நின்ற சாரதி றுவைஸை, படம் பிடிக்க வரச்சொல்லி அவள்தான் கூப்பிட்டிருந்தாள்.

"அந்தா வாறான்!"

ஒழுங்கையில் நௌபர் வந்துகொண்டிருந்தார். ஓடவில்லை. ஆறுதலாக, அடி பார்த்து அடி வைத்து நடந்தார். தோளில் எதையோ துவாயால் மூடியிருந்தார்.

"நான் சொன்னன்தானே, வலை!"

ஸுல்பிகா படியிறங்கிப் போனாள். ஒலிபெருக்கி கையிலேயே இருந்தது.

"நௌபர், விளையாட்டுக்கா இதைச் செய்யிறம்? எதுக்காகவும் கரைக்குத் திரும்ப வேணாம் எண்டு எத்தனை தரம் சொன்னனான்? உண்மையான அலை வந்திருந்தா நீங்க இப்ப மௌத்து!"

மாடியில் சிரிப்பு அடங்கியது. மதிப்பீட்டாளர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள்.

நௌபர் விரலை உதட்டில் வைத்தார்.

"றைவர் வானை விட்டிட்டுத் தனிய வாறதைக் கண்டன். எனக்கு மனசு கேக்கல்ல, மிஸ்."

துவாயை மெல்ல விலக்கினார்.

"சத்தம் போடாதீங்க. உங்கட மகள் இன்னும் நித்திரை."