ஒரு புகார்கூட இல்லை

மேலாளருக்கு அன்று கால் தரையில் பாவவில்லை.

ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றிலும், அங்கே நடக்கும் கோளாறுகளைச் சேகரித்துத் தலைமை சர்வருக்கு அனுப்பும் புரோகிராம் ஒன்று உண்டு. நேற்றுவரை அதில் எதை மாற்றுவதென்றாலும் மாடி மாடியாக ஏறி இறங்க வேண்டியிருந்தது. இன்று காலை, உட்கார்ந்த இடத்திலேயே ஒரு பட்டனைத் தட்டி, எல்லாவற்றுக்கும் புது செட்டிங்கை அனுப்பிவிட்டார்.

"பாத்தீங்களாம்மா?" என்றார் பக்கத்து மேஜை இன்ஜினீயரம்மாவிடம். "தினம் இந்த ஸ்கிரீன் பூரா சிவப்பா கத்தும். இன்னைக்கு மத்தியானம் ஆச்சு, ஒரு கோளாறு உண்டா?"

"இல்ல சார். அதான் எங்கேயோ உதைக்குது."

"நல்லது நடந்தா உங்களுக்குப் பொறுக்காதே! ராசியான நாளும்மா இது. மணிக்கொரு தடவை போன் பண்ணிக் குறை சொல்ற என் வீட்டுக்காரிகூட இன்னைக்கு வாயே திறக்கலைன்னா பாத்துக்கங்களேன்!"

இன்ஜினீயரம்மா அவர் அனுப்பிய செட்டிங்கைத் திறந்து பார்த்தார்.

"சார், போன மாசம் நாம கழட்டிப் போட்ட பழைய சர்வரோட முகவரியைக் குடுத்திருக்கீங்க. மெஷினெல்லாம் காலையிலிருந்து கத்திக்கிட்டுதான் இருக்கு. நமக்குத்தான் வந்து சேரலை."

மேலாளரின் முகம் வெளிறியது. ஆனால் கை கம்ப்யூட்டர் பக்கம் போகவில்லை. சட்டைப் பைக்குள் போனது. காலை மீட்டிங்குக்காக அணைத்த போனை அவர் திரும்பப் போடவே இல்லை.

இப்போது போட்டார். உள்ளங்கையில் அது துள்ள ஆரம்பித்தது. நிற்கவே இல்லை.