வெண்டைச்செடி தண்ணீர் கேட்டது

பாளையங்கோட்டையில் பதினோராம் மாடி பால்கனியில் எஸ்தர் வெண்டை விதை ஊன்றியது வாழ்க்கையில் முதல் தடவை. ஆர்வக்கோளாறில் தண்ணீரைக் கொட்டோ கொட்டென்று கொட்டியதில் ஐந்து விதைகளும் அழுகிப்போயின. மகள் ஜெமிமா வந்து புது விதை ஊன்றி, ஈரம் குறைந்தால் வாய்விட்டுக் கேட்கும் குச்சியொன்றைத் தொட்டியில் செருகிவிட்டுப் போனாள். எந்தக் குரலை வேண்டுமானாலும் அதில் ஏற்றலாம். அவள் தன் அப்பாவின் குரலை ஏற்றியிருந்தாள். அவர் இறந்து பத்து மாதம் ஆகிறது.

இந்தத் தடவை எஸ்தர் பயந்துபோய்த் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. நாலாம் நாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, "ஏளா எஸ்தரு, கொஞ்சம் தண்ணி ஊத்தேன்" என்றது தொட்டி. ஈரத்துணியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

போகப்போகக் கை பழகிவிட்டது. வேளை தவறாமல் அளவாக ஊற்றினாள். செடி முழங்கால் உயரம் வந்து மொட்டு வைத்தது. தொட்டி வாய் திறக்கவேயில்லை.

"ஒரு மாசமா ஒருவாட்டிகூடக் கேக்கலையாம்மா? நல்லா வளக்கியே!" என்று போனில் மெச்சினாள் மகள்.

அன்றோடு எஸ்தர் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினாள்.

மூன்றாம் நாள் உச்சிவெயிலில் இலைகள் துவண்டு தொங்கின. மொட்டு ஒன்று உதிர்ந்தது.

"ஏளா எஸ்தரு, கொஞ்சம் தண்ணி ஊத்தேன்."

காலையிலிருந்து இது ஏழாவது தடவை. செம்பு நிறையத் தண்ணீரோடு பக்கத்திலேயே நின்றவள், அவர் கண்ணில் பட்டுவிடாதபடி அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"ஊத்துதேன், ஊத்துதேன். இன்னும் ஒருவாட்டி கூப்பிடுங்க."