திட்டும் திட்டம்

“இன்னும் கொஞ்சம் காரமா திட்டு. இதுக்கெல்லாம் மனுஷன் அழுவானா?” என்றார் மாமா.

மருமகன் கட்டிலில் சம்மணமிட்டு, மடிக்கணினியைப் பார்த்தபடி யோசித்தான். கீழே சலவைக்கடை. இஸ்திரி நீராவி தரைப்பலகை இடுக்குகளில் புகுந்து மேலேறி, அறையே ஏதோ துறைமுகத்துப் பனிமூட்டத்தில் நிற்பது போலிருந்தது. அங்கே நடந்த வேலைக்கு அது பொருத்தமாகவும் இருந்தது.

“இதப் பாருங்க மாமா. ‘கோப்போட பேரு நீளமா இருந்தா பூட்டே விழல. எழுதும்போது கண்ணு ரெண்டையும் கழட்டி வச்சிருந்தியா? இது பூட்டா, திரைச்சீலையா?’ போதுமா?”

“திரைச்சீலை நல்லாருக்கு. அனுப்பு.”

திட்டு வாங்குபவர் ஒரு பல் மருத்துவர். கோப்புகளைப் பூட்டிவைக்கும் மென்பொருள் ஒன்றைப் பொழுதுபோக்காக எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தம் அனுப்பலாம் என்று இணையத்தில் போட்டுவைத்தவர். பாதி உலகத்து வங்கிகள் அதைச் சும்மா எடுத்துப் பயன்படுத்தின. ஆனால் வருகிற திருத்தங்களை உள்ளே சேர்க்கும் அதிகாரம் அவர் ஒருவரிடம்தான் இருந்தது. அந்த மென்பொருளுக்காக இணையத்தில் கூடியிருந்த குழுவில் அதற்குப் பெயர் சாவி.

மாமாவுக்கு அந்தச் சாவி வேண்டும். கிடைத்தால் உள்ளே ஒரே ஒரு வரி சேர்ப்பார். அத்தனை வங்கிகளிலும் ஒரு கொல்லைக் கதவு திறந்துகொள்ளும், கொள்ளைக்கு வசதியாக. கதவை விலைக்கு வாங்க ஆளும் தயார்.

மருமகன் ‘கொடுக்கு’ என்ற பெயரில் குழுவில் சேர்ந்து, பல் மருத்துவர் விட்டால் போதும் என்று ஓடும்வரை திட்டவேண்டும். மாமா ‘பணிவன்புடன்’ என்ற பெயரில் சேர்ந்து அவர் கண்ணீரைத் துடைக்கவேண்டும். நொந்தவர் யார் தோளில் சாய்கிறாரோ, அவர் கையில்தானே சாவியைக் கொடுப்பார்?

மாமா உடனே தட்டினார்: ‘ஐயா, இத்தகையோரின் சொற்களைப் பொருட்படுத்தாதீர்கள். தங்கள் பணி மகத்தானது. சற்று ஓய்வெடுங்கள்.’

பல் மருத்துவரோ, வாயைத் திறந்தாலே நாறும் ஆட்களோடு பழகியவர். லேசில் முகம் சுளிக்கவில்லை. மறுநாள் கொடுக்குக்குப் பதில் போட்டார்: ‘நீங்கள் சொன்னது சரி. திருத்திவிட்டேன். நன்றி.’

“மாமா, நிஜமாவே திருத்திட்டாரு!”

“அதுக்கு ஏன்டா பல்லக் காட்டுற?”

“நம்ம வீட்ல நான் சொல்லி யாரு எதத் திருத்தியிருக்கீங்க? அந்தக் குழாய் ஒழுகுதுன்னு எத்தன தடவ சொன்னேன்?”

“திட்டுற வேலைய மட்டும் பாரு.”

பார்த்தான். திட்டுவதற்குப் புதிதாக ஏதாவது பிடி வேண்டுமே என்று மென்பொருளை வரி வரியாகப் படித்தான். சாப்பாட்டுத் தட்டில் கை காய்வதுகூடத் தெரியாமல் படித்தான்.

குழுவில் ஒழுங்கைக் கவனித்துக்கொண்ட பெண்மணி, பேருந்து நடத்துநர். வம்பு செய்கிறவர்களைப் பாதி வழியில் இறக்கிவிட்டுப் பழகியவர். ஆனால் கொடுக்கை அவர் இறக்கிவிடவில்லை. இனிமேல் எழுதுவதை முதலில் தனக்கு அனுப்பவேண்டும், மரியாதையில்லாத சொற்களைத் தான் அடித்துத் தருவேன், மிச்சமிருப்பதை மட்டும் குழுவில் போடலாம் என்று நிபந்தனை வைத்தார்.

“அந்தம்மா அடிச்ச அடில ஒரு பக்கமே காலி மாமா. நாலு வரிதான் தேறுச்சு.”

“என்னோடத அனுப்பினா ஒரு சொல்லக்கூட அடிக்க மாட்டாங்க, தெரியுமில்ல?”

“நாலு வரி தேறுமான்னும் பாருங்க.”

மாமா முறைத்தார்.

ஒருநாள் பல் மருத்துவர் குழுவில் எழுதினார்: ‘வயதாகிறது. பல்லையும் பூட்டையும் சேர்த்துப் பார்க்க முடியவில்லை. நாளை சாவியை ஒருவரிடம் ஒப்படைக்கிறேன்.’

மறுநாள் மாமா, கணினிமுன் உட்காரத்தான் என்றாலும், கீழே இறங்கிப்போய்ச் சலவைச் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தார். ‘இந்த எளியேனை’ என்று ஏற்புரையைத் தொடங்கியும்விட்டார்.

அறிவிப்பு வந்தது. ‘நண்பர் பணிவன்புடன் எப்போதும் என் நலம் விசாரித்தார். அதை மறக்கமாட்டேன். ஆனால் இந்தப் பூட்டை என்னைவிட நன்றாக அறிந்தவர் ஒருவர்தான். சாவியும் குழுவின் பொறுப்பும் இனி நண்பர் கொடுக்கிடம்.’

“அந்தத் திட்டுவாயனுக்கா!” என்று கத்தியபிறகுதான், திட்டுவாயன் எதிர்க் கட்டிலில் இருப்பது மாமாவுக்கு உறைத்தது. முகம் மலர்ந்தது. “அட, யாருக்குக் கிடைச்சா என்ன, வீட்டுக்குள்ளதான இருக்கு! என் வரிய அனுப்பிட்டேன் பாரு. சட்டுனு சேத்துடு.”

மருமகன் அந்த வரியை வெகுநேரம் பார்த்தான்.

“இதுல தப்பு இருக்கு மாமா.”

“அந்தத் தப்புக்குத்தானடா இத்தன பாடு! சேத்துடு!”

மருமகன் குழுவில் எழுதினான்: ‘இந்தத் திருத்தம் பாதுகாப்பானதல்ல. ஏற்க இயலவில்லை. அனுப்பியதற்கு நன்றி.’

அந்த நன்றியில்தான் மாமாவுக்கு எங்கோ அறுந்தது. அத்தனை காலம் அடக்கிவைத்த சொற்களெல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு விரல்வழியே கொட்டின. உலகமே பார்க்கும் குழுவில் கொடுக்கின் பரம்பரையை இழுத்தார். அதில் முதலாவதாக நிற்பவள் தன் அக்கா என்பதையும் மறந்து, வஞ்சனையில்லாமல் திட்டினார். அனுப்பிவிட்டு மூச்சு வாங்கினார்.

மருமகன் தலைநிமிராமல் ஒரே ஒரு விசையைத் தட்டினான். மாமாவின் திரையில் கடைசியாக ஒரு வரி வந்து நின்றது: ‘பணிவன்புடன் நீக்கப்பட்டார்.’